பிரபாவின் பயம்

இன்றைக்கு மட்டும் மயங்கி விழுந்துவிடக் கூடாது. வியர்த்த உள்ளங்கைகளை வெள்ளைக் கோட்டில் துடைத்தபடி பிரபா இதையே மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மருத்துவக் கல்லூரியின் பிணவறுப்புக் கூடத்தில் முதல் வகுப்பு. ஃபார்மலின் நெடி கண்ணைக் கரித்தது. மேசைமேல் துணி போர்த்திய உடல். ஒரு பாதம் மட்டும் வெளியே தெரிந்தது. பெண்ணின் பாதம், விரலில் மெட்டி போட்டுத் தேய்ந்த பள்ளம்.

அதைப் பார்த்ததுமே வகுப்புத்தோழி சௌம்யாவுக்குக் கால் தள்ளாடியது. ஓடிப்போய்த் தாங்கிப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஜோவிதா அவள் முதுகை நீவிவிட்டாள்.

"யாராவது ஒருத்தர் துணிய எடுங்க," என்றபடி பேராசிரியை அடுத்த மேசைக்குப் போனார்.

"பிரபா இருக்கால்ல, நமக்கென்ன கவலை குரு?" என்றான் யுவன் பக்கத்தில் நின்ற நண்பனிடம். "இவங்க வீட்ல இது டெய்லி மேட்டர்!"

எல்லோரும் சிரித்தார்கள். அறிமுக நாளில், அப்பா சுடுகாட்டில் குழி வெட்டுகிறார் என்று அவள் மறைக்காமல் சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து எலும்புப் பெட்டியைத் தூக்கி வருவது அவள் வேலையாகிவிட்டது. யாரும் திட்டவில்லை. தைரியசாலி என்று பாராட்டியே கொடுத்தார்கள்.

அப்பா கோவிந்தராஜன் அவளைச் சுடுகாட்டு வாசலைக்கூட மிதிக்க விட்டதில்லை. அவளுடைய ஒன்பது வயதில் அம்மா செத்தபோது, அவர்கள் குடியிருந்த ஈஜிபுராவில் பக்கத்து வீட்டுக்குள் அவளை விட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். "எம்பொண்ணு இதெல்லாம் பாக்க வேணாங்க்கா. என்னோட போவட்டும்." அம்மாவுக்கும் அவர்தான் குழி வெட்டினார். அம்மாவின் முகத்தைப் பிரபா கடைசியாக ஒருமுறை பார்க்கவில்லை.

செத்த உடல் ஒன்றின் அருகில் அவள் நிற்பது இதுதான் முதல்முறை.

"ப்ளீஸ்டி," என்றாள் சௌம்யா. "நீ ஸ்ட்ராங். எங்களுக்குத்தான் இதெல்லாம் பழக்கமில்ல. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோயேன், கொஞ்சந்தானே."

அந்தக் குரலில் கேலி இல்லை. பிரியம்தான் இருந்தது. பிரபாவுக்கு வலித்ததும் அதனால்தான். பயப்படுவதற்குக்கூட ஒரு நல்ல குடும்பத்தில் பிறந்திருக்க வேண்டும் போல.

துணியை நோக்கி நீட்டிய கையை அவள் இழுத்துக்கொண்டாள்.

"என்னால முடியாது, சௌம்யா."

"ஏய், நடிக்காத," என்றான் யுவன். "உனக்கா பயம்?"

"ஆமா. எனக்குந்தான்."

பிரபா போய் அந்தப் பெஞ்சில், சௌம்யாவை ஒட்டி உட்கார்ந்தாள். சௌம்யா சட்டென்று தன் கோட்டு நுனி அவள்மேல் படாமல் சுருட்டிக்கொண்டு தள்ளி நகர்ந்தாள்.

பிரபா எழுந்திருக்கவில்லை.