எதிர்க் கருத்து

வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண்ணைப் பேச வைக்க டீச்சர் கண்டுபிடித்த வழி அது. குழு விவாதத்தில் ஒருத்தி தலைவி, ஒருவன் நேரம் பார்ப்பான். எல்லோரும் ஒன்றுபோலத் தலையாட்டும்போது எதிர்க் கருத்து சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த வேலையைத்தான் அந்த ஊமைக்கோட்டானிடம் கொடுத்தார்.

முதலில் முனகினாள். போகப்போகப் பிய்த்து உதறினாள். மரம் நடலாம் என்று குழு சொன்னால், லீவு நாளில் தண்ணீர் யார் ஊற்றுவது என்பாள். அவளால்தான் விவாதமே சூடு பிடித்தது. வாரா வாரம் வேலைகளை மாற்றித் தரவேண்டும் என்பது டீச்சருக்குத் தெரியாததல்ல. தலைமை ஆசிரியை வகுப்பைப் பார்க்க வருகிற நேரத்தில் எதற்கு வம்பு என்று விட்டுவிட்டார். தலைமை ஆசிரியை வந்து பாராட்டியதும் டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளைகள் அவளுக்கு 'முரண்டு' என்று பேர் வைத்தது காதில் விழுந்தது. அதற்கும் சிரித்து வைத்தார்.

அன்று மதியம் அவர் வகுப்புக்குத் திரும்பியபோது, யாரும் சொல்லாமலே அந்தக் குழு வட்டமாக உட்கார்ந்து விவாதித்துக்கொண்டிருந்தது. குறுக்கே ஒரு பேச்சு இல்லை. ஒருவர் முடித்த பிறகே அடுத்தவர் ஆரம்பித்தார். டீச்சருக்கு மனம் குளிர்ந்துவிட்டது. வாசலிலேயே நின்று, நடத்துங்கள் என்று சிரித்தபடி தலையசைத்தார்.

அப்புறம்தான் விஷயம் காதில் ஏறியது. முரண்டை வேறு குழுவுக்கு அனுப்பிவிடலாமா என்பதுதான் தலைப்பு. மரியாதையாக, காரணம் சொல்லி, ஒவ்வொருவராக அனுப்பலாம் என்றார்கள். அவளும் அந்த வட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"எதிர்க் கருத்து இருந்தா சொல்லலாம்" என்றாள் தலைவி.

எல்லோரும் முரண்டைப் பார்த்தார்கள். அவள் வாசலைப் பார்த்தாள்.

"இல்ல."

டீச்சருக்குத் தன் கன்னத்திலேயே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. ஓடிப் போய் அவள் பக்கத்தில் குனிந்தார். எதிர்த்துப் பேசும்படி அவளிடம் சொன்னதே தான்தான், மற்றவர்களுக்கு அந்த வேலையை மாற்றித் தராதது தன் தப்பு என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். பிள்ளைகள் விழித்தார்கள். உனக்குப் போக இஷ்டமில்லை என்று ஏன் சொல்லவில்லை என்று அவளிடம் கேட்டார்.

அவள் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

"நீங்களும் சரின்னு தலையாட்டினீங்களே, டீச்சர்."