லாஸ் உப்பளாஸ் குழுவோடு தங்கிவிட்ட ஸ்வரம்

ரூபர்ட் கொரைரா ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்குக் கிட்டாரில் வாசித்த ஸ்வரம் அதற்குப் பிறகு ஓயவில்லை. அவன் கம்பியிலிருந்து விரலை எடுத்தான். ஒயரைப் பிடுங்கினான். கிட்டாரைப் பெட்டிக்குள் வைத்து மூடினான். ஸ்வரம் ஜன்னலுக்குப் பக்கத்தில், நெஞ்சு உயரத்தில், அப்படியே நின்றுகொண்டிருந்தது.

கோங்கா வாசிக்கும் பிலோமின் அதன்மேல் இடித்துவிடாமல் சுற்றிக்கொண்டு போய்த் தன் தூக்குவாளியை எடுத்தாள்.

"மத்தியானத்துக்குள்ள போயிருமா?" என்று கேட்டாள்.

"தெரியலக்கா. வந்து அஞ்சு நிமிசம்தானே ஆகுது," என்றான் ரூபர்ட்.

லாஸ் உப்பளாஸ் தூத்துக்குடியின் ஒரே லத்தீன் ராக் குழு. பத்தொன்பது வருடமாக ஐஸ் தொழிற்சாலையின் மாடியில் ஒத்திகை பார்த்துவந்தார்கள். ரூபர்ட்டுக்குக் கிட்டார், லாம்பர்ட்டுக்கு ஆர்கன், பிலோமினுக்கு இடுப்பு உயரத்தில் இரண்டு கோங்கா மேளங்கள். அவள் அடிக்க ஆரம்பித்தால் கல்யாண வீட்டில் ஒருவரும் நாற்காலியில் இருக்க மாட்டார்கள். ஒருமுறை புகைப்படக்காரரும் ஆடிக்கொண்டே எடுத்ததில் ஆல்பம் முழுக்கக் கலங்கலாக வந்தது. பெண் வீட்டார் அதில் ஒன்றைத்தான் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டினார்கள். பிலோமினுக்கு அதில் பெரிய பெருமை.

புதன்கிழமை வழக்கமான வேகப் பாட்டு ஒன்றை எடுத்தார்கள். ஸ்வரம் மெல்ல நகர்ந்து மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டது. லாம்பர்ட் ஆர்கனில் இரண்டு கட்டைகளை மட்டும் அழுத்தி, வெகுநேரம் கையை எடுக்காமல் இருந்தார். ஸ்வரம் திரும்பி வந்தது.

"இனிமே இதுக்குத் தக்கதாத்தான் வாசிக்கணும் போல," என்றான் ரூபர்ட். "ஜாஸ் மாதிரி நீளமா, ஜெபம் மாதிரி மெதுவா. நம்ம பழைய ராக்கும் அதுக்குள்ள ஒரு ஓரமாக் கெடக்கட்டும்."

அன்று சாயங்காலமே பெயிண்டரை வரச்சொல்லிப் பெயர்ப்பலகையை மாற்றினார்கள். 'ஆன்மிக ஜாஸ்' என்பது பலகைக்குள் அடங்கிவிட்டது. 'ஃப்யூஷன்' சுவரில் வந்தது.

புதிய பாட்டு நாற்பது நிமிடம். அதில் பிலோமினுக்குப் பத்தொன்பதாவது நிமிடத்தில் ஓர் அடி இருந்தது. மற்ற நேரமெல்லாம் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டில் கை சும்மா இருக்கவில்லை. மாவு சலிக்கும்போது சல்லடையைத் தட்டியது, பேருந்தில் முன்சீட்டுக்காரர் தோளைத் தட்டியது. அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, இறங்கும்வரை தோளைக் குலுக்கிக்கொண்டே வந்தார்.

வெள்ளிக்கிழமை ரூபர்ட்டிடம் சொல்லிவிட்டாள்.

"ஏல ரூபர்ட்டு, என் கை ஆட வைக்கிற கை. அதுக்கு வேற ஒண்ணும் தெரியாது. ஞாயித்துக்கிழமை கல்யாணத்தோட நான் நின்னுக்கிடுதேன்."

ரூபர்ட் கிட்டாரின் முறுக்காணியைத் திருகிக்கொண்டே இருந்தான். முகம் வாடிவிட்டது.

"நீங்க போனா இந்த ஸ்வரமும் உங்க பின்னாலயே வந்துருமோன்னு பயமா இருக்குக்கா," என்றான்.

"எங்க வீட்ல எடம் கெடையாது," என்று பிலோமின் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வேனில் ஸ்வரத்தை முன்சீட்டில் உட்கார்த்தி, பெல்ட்டும் போட்டுவிட்டார்கள். மண்டப வாசலில் பெண்ணின் அப்பா பெர்க்மான்ஸ் நின்றிருந்தார். படகு எஞ்சின் மெக்கானிக். எதன் சத்தத்தையும் ஒரு காதைச் சாய்த்துக் கேட்பவர். ஸ்வரத்தையும் அப்படியே கேட்டார்.

"இது சாப்பிடுமா?"

"சாப்பிடாது அண்ணாச்சி," என்றாள் பிலோமின்.

"அப்ப உள்ள வரட்டும். ஆனா ஜனம் ஆடணும், பாத்துக்கிடுங்க. எம்மக இன்னிக்கு ஆடுறதுக்குன்னு ஏழு மாசமா அலைஞ்சு செருப்பு வாங்கியிருக்கா."

பதினொன்றரைக்குத் தொடங்கினார்கள். ஸ்வரம் மேடையின் நடுவில் நின்றது. லாம்பர்ட் கட்டைகளை அழுத்தினார். ரூபர்ட் கண்ணை மூடிக்கொண்டு, எங்கோ தூரத்தில் இருக்கும் யாருக்கோ வழி சொல்வதுபோல வாசித்தான். விருந்தாளிகள் கைகட்டி அமர்ந்திருந்தார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை, யாரும் எழுந்திருக்கவும் இல்லை. பிலோமின் மணப்பெண்ணின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சேலைக் கரைக்குக் கீழே ஒரு சிவப்புச் செருப்பு நுனி முன்னால் நீட்டி, தயாராகக் காத்திருந்தது. பத்து நிமிடமாக அது பின்வாங்கவே இல்லை.

பிலோமினுக்குப் பொறுக்கவில்லை. தன் முறைக்கு இன்னும் ஒன்பது நிமிடம் இருக்கும்போதே ஓங்கி ஓர் அடி அடித்தாள்.

மண்டபம் முழுக்க எழுந்து ஆளுக்கொரு காலைத் தூக்கியது. அடுத்த அடிக்காக அவள் கையை உயர்த்தினாள். அப்போது ஸ்வரம் முதல் தடவையாக அவள் பக்கம் திரும்பியது. அடித்த அடிக்கும் அடிக்கப்போகும் அடிக்கும் நடுவில் வந்து நின்றது. இடைவெளி அகலமாயிற்று.

தூக்கிய கை கனக்கவில்லை. அவள் அப்படியே வைத்திருந்தாள். விருந்தாளிகள் வரிசையாக அந்த இடைவெளிக்குள் நடந்துபோனார்கள். உள்ளே நல்ல காற்று இருந்தது. அவரவருக்கு வேண்டிய அளவு இடமும் இருந்தது. மணப்பெண் ஏழு மாத ஆட்டத்தையும் ஆடித் தீர்த்தாள். மாப்பிள்ளை ஒரு மாதத்துக்கு ஆடிவிட்டு, உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். சமையல்காரர்கள் பிரியாணியைத் தம்மில் போட்டார்கள். பெர்க்மான்ஸ் மணப்பாடு ஊருக்குப் பஸ் ஏறினார். பதினாலு வருடமாகப் பேசாமலிருந்த தங்கச்சியின் வீட்டு வாசலில் சாயங்காலம்வரை நின்றார். அவள் கதவைத் திறந்து, "இருங்க, சேலை மாத்திட்டு வாரேன்," என்றாள். இருவரும் அடுத்த பஸ்ஸில் திரும்பினார்கள்.

எல்லாரும் வந்துவிட்டார்களா என்று பிலோமின் ஒருமுறை எண்ணிப் பார்த்தாள். பிறகு கையை இறக்கினாள். அந்த இரண்டாவது அடியில் தூக்கிய கால்கள் அத்தனையும் தரைக்கு வந்தன. மண்டபத்துக் கடிகாரத்தில் மணி பதினொன்று நாற்பது. தங்கச்சி முன்வரிசையில் உட்கார்ந்து மக்ரூன் இனிப்பைத் தின்றுகொண்டிருந்தாள்.

பெர்க்மான்ஸ் மேடைக்கு வந்தார். கண் கலங்கியிருந்தது.

"ரெண்டு அடிதானம்மா அடிச்ச?"

"ஆமா அண்ணாச்சி."

"போதும். மூணாவது அடிச்சிருந்தா பிரியாணி ஆறிப்போயிருக்கும்."

திரும்பும்போது வேனில் ரூபர்ட்தான் ஸ்வரத்துக்குப் பெல்ட் போட்டுவிட்டான். ஐஸ் தொழிற்சாலை வந்ததும், "நாளைக்கு எத்தனை மணிக்குக்கா?" என்றான்.

"பத்துக்கு வந்துருதேன். அந்தப் பத்தொன்பதாவது நிமிசத்தை மட்டும் அடிச்சுவிட்டுரு. எனக்கு எப்பத் தோணுதோ அப்ப அடிக்கேன்."

ரூபர்ட் சிரித்துவிட்டான். லாம்பர்ட் அப்போதே பாட்டுத் தாளை எடுத்து அந்த வரியைக் கோடு போட்டு அடித்தார்.

இப்படிப்பட்ட இசைக்கு ஒரு சாக்ஸபோன் இல்லாமல் முடியாது என்று அடுத்த வாரம் ஆள் தேடினார்கள். மூன்று பேர் வந்திருந்தார்கள். நாசரேத்திலிருந்து ஒருவர், கோவில்பட்டியிலிருந்து ஒருவர், பிறகு வடகிழக்குப் பருவமழை. மழை தன் சாக்ஸபோனைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தது. மூவரில் அதுதான் நன்றாக வாசித்தது.

"அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும்தான் எனக்குத் தோதுப்படும்," என்றது மழை.

பிலோமின் காலண்டரைப் புரட்டினாள். "பிப்ரவரியில ஒரு வெள்ளி விழா இருக்கே?"

மழையும் காலண்டரை எட்டிப் பார்த்தது. "அதுக்கு எங்க மச்சானை அனுப்புதேன்."

பிலோமின் மச்சானின் பெயரைக் கேட்டு, பிப்ரவரிக் கட்டத்தில் எழுதிக்கொண்டாள்.