மதியத் தேக்சா

இடது இடுப்பில் தொடங்கின வலி முழங்கால் வரைக்கும் இறங்கிவிட்டது. காலையிலிருந்து மூன்று பேக்கரி, ஒரு மிட்டாய்க் கடை ஏறி இறங்கினதில் சகாயசெல்விக்கு நிற்க முடியவில்லை. உணவுப் பாதுகாப்பு அலுவலர் என்று பேர்தான் பெரிசு. பாதி வேலை ஸ்கூட்டரில், மீதி வேலை குனிந்து அடுப்படி பார்ப்பதில். பேகம்பூரில் அப்துல் சுக்கூரின் பிரியாணிக் கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் அப்பாடா என்று வாய்விட்டே சொன்னாள்.

கடை பூட்டிப் பதினாறு நாளாகியும் சுவரை விட்டு வாசனை போகவில்லை. பட்டை, நெய், விறகுப் புகை. அது மூக்கில் பட்டதும் வலி மறந்து வயசும் மறந்துபோனது. அவள் அப்பா அந்தோணிமுத்து தோல் பதனிடுகிற ஷாப்பில் ஈரத்தோல் சுமந்தவர். சனிக்கிழமை கூலி கைக்கு வந்தால் தூக்குச்சட்டியோடு அவளை இங்கே அனுப்புவார். அப்போது சுக்கூர் இளந்தாரி. அரைப் பிளேட்டுக்கு அளந்து போட்டுவிட்டு, பிரியாணி அண்டாவான தேக்சாவின் அடியைக் கரண்டியால் சுரண்டி, சிவந்த காந்தலை மேலே வைப்பார். வீடு போவதற்குள் தின்றுவிடச் சொல்வார். தெரு முக்கு வரைக்கும்கூட அது தாங்காது. அத்தனை ருசியை அதற்குப் பிறகு எந்த ஓட்டலிலும் அவள் நாக்கு பார்க்கவில்லை. மறுநாள் வயிறு போனதும் உண்டு. ஓமத்தண்ணியைக் குடிக்க வைத்துப் படுக்கப் போடுவார்கள். எந்தச் சோறு, எந்தத் தண்ணீர் என்று யார் விசாரித்தார்கள்?

இப்போது விசாரிப்பதுதான் அவள் பிழைப்பு. பதினாறு நாளுக்கு முன்னால், நிலக்கோட்டை மல்லியைச் சரம் கட்டுகிற எட்டுப் பெண்களுக்குப் பூக்கிடங்கு முதலாளி இங்கிருந்து மதியம் பார்சல் வாங்கிக் கொடுத்தார். வேலை ஓய்ந்து அவர்கள் பொட்டலத்தைப் பிரித்தபோது மணி நாலு. ஏழு மணிக்குள் எட்டுப் பேருக்கும் வாந்தி, பேதி. மூத்தவள் பேச்சாயி ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அன்று ராத்திரியே காதுக்கு விஷயம் வந்ததும் செல்வி கிடங்குக்கு ஓடினாள். குடிதண்ணீர் டிரம்மை அதற்குள் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். அங்கிருந்து இங்கே வந்து பிரியாணியில் மாதிரி எடுத்தாள். முடிவு வரும்வரை கடையை மூடச் சொன்னாள்.

அந்த முடிவு இன்றைக்கு வந்துவிட்டது. சோதித்த மாதிரியில் நோய்க்கிருமி காணப்படவில்லை.

சுக்கூர் இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கண் கலங்கிவிட்டது. நல்ல முடிவு வரும் என்ற நம்பிக்கையில் அய்யலூர்ச் சந்தையில் காலையிலேயே நாலு கிடாய் பேசி முடித்தாச்சு என்றார். பரிசோதித்தது, நூறு சதம் பாதுகாப்பு என்று ஒரு பிளக்ஸ் வைத்து, கீழே அவள் பேரையும் போடப் போவதாகச் சொன்னார். நூறு சதமெல்லாம் எந்த லேபும் சொல்லாது என்று செல்வி சிரித்தாள். எடுத்த கைப்பிடியில் இல்லை என்பதால் தேக்சாவிலேயே இல்லை என்று ஆகாது என்றாள். சொன்னாளே தவிர, அவளுக்கும் நிம்மதிதான். அந்தக் காந்தல் கெட்ட பேர் வாங்குவதை அவள் விரும்பவில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் சுக்கூர் வாயை விட்டார்.

"லேப்காரனே அசந்திருப்பான் தாயி. ராத்திரி யாவாரத்துக்கு அப்பத்தான் தம் உடைச்ச தேக்சா. நடுவுல கரண்டிய விட்டு, நெஞ்செலும்பாப் பாத்துல்ல எடுத்துக் குடுத்தேன்."

செல்வி நிமிர்ந்தாள். "அது மதியம் வித்ததில்லையா மாமா?"

"மதிய மிச்சம் கீழ கெடந்துச்சு, நாங்க திங்க. அந்தோணி மக ஆபீசராகி வந்து கேக்கிறா. மிச்சத்தையா குடுப்பேன்?"

அவர் ஏமாற்றவில்லை. வீடு தேடி வந்தவர்களுக்குப் புதுசைக் கொடுத்துவிட்டு மிச்சத்தைத் தான் தின்கிற பழக்கம், அவ்வளவுதான். தப்பு அவளுடையது. மாதிரிப் படிவத்தில் சமைத்த நேரம் என்ற கட்டத்தில் ஒரு வார்த்தை கேட்காமல் மதியம் என்று எழுதியவள் அவள்தான். தம் உடைந்த வாசனையில் பத்து வயசுக்குப் போய் நின்றிருக்கிறாள். ஆவி பறந்ததையாவது பார்த்திருக்க வேண்டாமா? அந்த மிச்சம் என்ன ஆனது என்று கேட்டாள். கடையை மூடச் சொன்னதும் பயந்துபோய்ச் சாக்கடையில் கொட்டிவிட்டதாகச் சொன்னார்.

செல்வி பொறுமையாக விளக்கினாள். மதியச் சோறு கெட்டது என்றும் இந்த அறிக்கை சொல்லவில்லை, நல்லது என்றும் சொல்லவில்லை. அதைப் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது. திறக்கலாமா கூடாதா, அதை மட்டும் சொல் என்றார் சுக்கூர். திறக்கலாம், அடுப்படி சுத்தமாக இருக்கிறது, ஆனால் சோறு ஆறிய பிறகு இரண்டு மணி நேரத்துக்கு மேல் விற்கக் கூடாது என்றாள். பிளக்ஸ் வேண்டாம், தான் எழுதித் தருவதை ஒட்டினால் போதும் என்று ஒரு தாளை எடுத்தாள்.

‘சோதித்தது இரவுச் சோறு. அதில் கிருமி காணப்படவில்லை. மதியச் சோறு சோதிக்கப்படவில்லை. எட்டுப் பேருக்கு நோய் வந்தது அதனாலா, வேறு எதனாலா என்று தெரியாது. மாதிரி எடுத்ததில் தவறு அலுவலருடையது.’

சுக்கூர் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "தெரியாதுன்னு எழுதறதுக்கா ஆபீசரம்மா, கவர்மெண்ட்டு சம்பளம் குடுக்குது?"

"அதுக்கும் சேத்துத்தான் மாமா."

"இதப் பாத்துட்டு எவன் உள்ள வருவான்?"

அவள் பேனாவை மூடிப் பைக்குள் வைத்தாள். அவர் தாளை அவளிடம் திருப்பி நீட்டினார். கடைசி வரியை அடித்துவிடு, உன் வேலைக்கு வினை வேண்டாம் என்றார். அவள் அடிக்கவில்லை. மைதாப் பசையைத் தடவி, தாளைக் கோணலாக அவரே ஷட்டரில் ஒட்டினார்.

அங்கிருந்து அவள் பூக்கிடங்குக்குப் போனாள். பேச்சாயி பாதியாகிப் போயிருந்தாள். விரல் மட்டும் பழைய வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"பிரியாணியா, டிரம்முத் தண்ணியா? எத விடணும்னு சொல்லு. ரெண்டையும் விட்டா இங்க எனக்கு வேற என்ன இருக்கு?"

செல்வி பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள். இடுப்பு விண்ணென்றது. "தெரியலக்கா. தெரிஞ்சிருக்கலாம். நான் ஒரு வார்த்த கேக்காம விட்டுட்டேன்."

பேச்சாயி ஏசவில்லை. நாரைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, சரி, தெரிஞ்சதும் வந்து சொல்லு என்றாள்.

இனித் தெரிய வழியில்லை. சோறு சாக்கடையோடு போய்விட்டது, டிரம்மையும் கழுவியாயிற்று. எதை விடுவது என்று பேச்சாயி கேட்டது ஒரே ஒரு பதில். அது சகாயசெல்வி அவளுக்குக் கடைசி வரைக்கும் தீர்க்க முடியாத பாக்கி.