ஊருக்குப் போன போட்டோ

தாராவியில் எந்த வீட்டு ஆல்பத்தைத் திறந்தாலும் அதில் தாராவி இருக்காது. மாட்டுங்கா ஃபைவ் கார்டன் இருக்கும், கேட்வே ஆஃப் இந்தியா இருக்கும், யாரோ ஒரு சேட்டின் வெள்ளைக் கார் இருக்கும். அந்தக் காரில் சாய்ந்துகொண்டு இரவல் கூலிங் கிளாஸோடு நம் ஆள் நிற்பார். ஊருக்கு அனுப்புகிற போட்டோ அல்லவா? சாக்கடையும் தகரக் கூரையும் தெரிகிற மாதிரி அனுப்பி வைத்தால் நாங்குநேரிப் பக்கம் மானம் என்னத்துக்கு ஆகும்? பிள்ளைக்கு மொட்டை போட்டாலும் சரி, மகனுக்கு வேலை கிடைத்தாலும் சரி, பஸ் ஏறிப் போய் அடுத்தவன் வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். தெருவே சேர்ந்து சொன்ன பொய் அது. ஒருத்தரும் அகப்படவில்லை.

கடைசியில் அகப்பட்டவள் பானுமதி.

நாலு தையல் மெஷின் போட்டு ஸ்கூல் பை தைத்துக் கொடுப்பவள் அவள். வாய் கொஞ்சம் நீளம். மாட்டுங்காவில் ஒரு தமிழ்ச் சங்கத்தார் மும்பைத் தமிழர்களின் பேட்டைகளைப் பற்றிப் படக்கண்காட்சி வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, நேரே கூட்டத்துக்கே போய், "எங்க தெருவுக்கு ஒரு சுவர் குடுங்க, போட்டோவாலேயே நெறைச்சுக் காட்டுதேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். தெருக் கதவுகளில் எல்லாம் சர்வேக்காரர்கள் வந்து நம்பர் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். இடித்துக் கட்டுகிற காலம் வந்தால் இப்படி ஒரு தெரு இருந்தது என்று யார் சொல்வது? அந்த ஆவேசத்தில் சொன்ன வார்த்தை.

வீடு வீடாக ஏறி இறங்கியதில் ஒரு பை நிறையப் படம் சேர்ந்தது. சங்கத்தின் சுரேந்திரன் பொறுமையாக ஒவ்வொன்றாகப் பார்த்தார். நல்ல மனுஷன், முகம் வாடாமல்தான் சொன்னார்.

"மேடம், படமெல்லாம் ரொம்ப அழகா இருக்கு. ஆனா இது அத்தனையும் எங்க மாட்டுங்காவாச்சே! உங்க தெரு எங்கே? ஒண்ணாவது வேணுமே. இல்லேன்னா அந்தச் சுவரை சான்பாடா பேட்டைக்காரா கேக்கறா."

பானுமதிக்கு முகம் செத்துவிட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தன் வாயைத் தானே திட்டிக்கொண்டாள்.

விஷயத்தைக் கேட்டதும் எதிர்வீட்டு லூசியம்மாள் சொன்னாள். "தெரு தெரியுத போட்டோதான வேணும்? சாவு போட்டோவ பாரேன்."

அது பானுமதிக்குத் தோன்றவே இல்லை. தோன்றாமல் இல்லை, தோன்றவிடாமல் வைத்திருந்தாள். ஒருத்தர் இறந்துபோனால் நாற்காலியில் உட்கார்த்தி, மாலை போட்டு, சொந்தபந்தம் சுற்றி நிற்கப் படம் எடுப்பது அந்தப் பக்கத்து வழக்கம். லூசியம்மாள் வீட்டார் என்றால் சவப்பெட்டியைச் சற்றே நிமிர்த்திவைத்து எடுப்பார்கள். ரயிலேறி வரமுடியாத ஊர்ச்சனத்துக்கு ஒரு பிரதி போகும், ஒன்று வீட்டு டிரங்குப் பெட்டிக்கடியில் துணியில் சுற்றிக் கிடக்கும். யாரும் சுவரில் மாட்டமாட்டார்கள், எடுத்தும் பார்க்கமாட்டார்கள். வீட்டுக்குள் வெளிச்சம் போதாது என்பதால் எடுப்பது வாசலில், தெருவில். அன்றைக்கு மட்டும் யாருக்கும் சாக்கடையை மறைக்கத் தோன்றாது.

பானுமதி வீட்டிலும் ஒன்று இருந்தது. அவள் அப்பா வானமாமலையுடையது. தோல் சேர்த்துவைக்கிற கிட்டங்கியில் வேலை பார்த்தவர். தெருவில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், கோயிலோ சர்ச்சோ மசூதியோ, மூங்கிலுக்கும் வண்டிக்கும் ஓடுகிற முதல் ஆள் அவர்தான். எண்பத்து நாலில் காய்ச்சல் கண்டு அவரே போய்விட்டார். பானுமதிக்கு அப்போது ஆறு வயது.

அந்தப் படத்தை அவள் பார்த்ததே இல்லை. பார்க்காமலே அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அப்பன் செத்த அன்றைக்குப் பல்லைக் காட்டிச் சிரித்த பிள்ளை என்று தெருவில் சொல்லாதவர்கள் கிடையாது. அவள் கல்யாணப் பந்தியில்கூட ஒரு கிழவர் அதைச் சொல்லிச் சிரித்தார். சொன்னவர்கள் மறந்துபோனார்கள், அவள் மறக்கவில்லை.

அம்மா மீனாட்சியம்மாள் கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிட்டாள். பானுமதி கீழ்ப்பாதியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மேல்பாதியை மட்டும் பார்த்தாள்.

தெரு இருந்தது. பொதுக்குழாயும் அதன் கீழே வரிசை பிடித்த தகரடின்களும் இருந்தன. கிட்டங்கிச் சுவரில் தோல் காய்ந்தது. லூசியம்மாள் வீட்டுக் கதவில் சிலுவை இருந்தது. கூரைமேல் பிள்ளைகள், ஏணியில் ஆட்கள், தலைக்குமேல் தலை. தொப்பி போட்டவர்கள், வேட்டி கட்டியவர்கள், ஷிப்டு உடையோடு ஓடிவந்தவர்கள். இத்தனை பெரிய தெருவா நம் தெரு!

"அரே மம்மி, நம்ம கலி, பூரா தெருவும் தெரியுது! மஸ்த் போட்டோ!" என்றான் மகன் ஹரி. படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றியவன் அவன்தான்.

"மேல்பாதிய மட்டும் எடுல. நாற்காலி வேண்டாம்" என்றாள் பானுமதி.

பெரிதாக்கிய படம் சட்டத்தோடு வீட்டுக்கு வந்தது. மறுநாள் கண்காட்சி. மீனாட்சியம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"எங்கட்டி அவிய? இத்தன பேரும் எதப் பாத்துட்டு நிக்காவ? தரையில எதையும் தொலைச்சிட்டாவளா?"

"யம்மா, ஹால்ல நாலு பேரு காப்பி குடிச்சுக்கிட்டுப் பாப்பாவ. செத்தவங்கள எப்படி மாட்ட?"

"செத்தவியளயா வெட்டுன? பக்கத்துல சிரிச்சுக்கிட்டு இருக்க பிள்ளையத்தான வெட்டுன?"

பானுமதிக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. "ஆமா, அதத்தான் வெட்டுனேன்! இத்தன வருசமா நான் கேட்ட பேச்சு போதாதா? அத நானே பெருசு பண்ணி ஊர்ப்பட்ட சனத்துக்குக் காட்டணுமா?"

மீனாட்சியம்மாள் கண்ணாடியைக் கழற்றினாள்.

"நீ எங்கட்டி சிரிச்ச? அழுது அழுது தொண்ட கட்டிப் போயி கெடந்த. நான்தான், ஒங்கப்பாவுக்குப் பாடை கட்டுன அல்தாப் பாய்ட்ட, எப்படியாவது பிள்ளைய சிரிக்க வச்சிருங்கன்னு சொன்னேன். அவரு போட்டோக்காரன் பின்னால நின்னு, ரெண்டு காதையும் பிடிச்சுக்கிட்டு தவக்கா மாதிரி குதிச்சாரு."

"எதுக்கு?"

"ஊருக்குப் போற போட்டோல்லா அது! அத ஊர்ல ஒங்க ஆச்சி பாப்பா. பிள்ள அழுத மூஞ்சியோட இருந்தா, பேத்தி பம்பாயில அநாதையா கெடக்குன்னு ஆள அனுப்பி ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிருப்பா. போனா அடுப்படி மூலைதான் எனக்கு. இங்கன்னா நான் வேலைக்குப் போவேன், ஒன்னய ஸ்கூலுக்கு அனுப்புவேன். எனக்கு இந்தத் தெருவ விட்டுப் போவ மனசில்ல. நீ சிரிச்ச. ஊர்லருந்து யாரும் வரல. ஒஞ் சிரிப்புலதான்ட்டி நாம இங்க இருக்கோம்."

"இத ஏம்மா சொல்லல?"

"புருசன் செத்தன்னைக்கே யோசன பண்ணுனவன்னு என்னயச் சொல்லுவாவல்லா? ஒன்னயச் சொன்னா, பிள்ளதானன்னு விட்டுட்டேன். ஒனக்கு இம்புட்டு உறுத்துச்சுன்னு தெரியாதுட்டி."

பானுமதி அசல் படத்தை எடுத்தாள். இந்தத் தடவை கையை வைத்து மறைக்கவில்லை. நாற்காலியில் அப்பா இருந்தார். தாடையைச் சுற்றித் துணி, கழுத்து கொள்ளாத மாலை. பக்கத்தில் இளவயசு லூசியம்மாளின் இடுப்பில் அவள். கன்னத்தில் கண்ணீர்க்கோடு காயவில்லை, அதற்கு நடுவே முன்பல் இல்லாத சிரிப்பு. தெருவே நிற்கிற படத்தில் பாடை கட்டிய அல்தாப் பாய் மட்டும் ஏன் இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. அப்பாவைப் பார்த்தும் அழாதவள் அந்தச் சிரிப்பைப் பார்த்து அழுதாள்.

"ஹரி, முழுசா எடுத்துட்டு வால. கடக்காரன்ட்ட கெஞ்சுவியோ மிஞ்சுவியோ, எனக்குக் காலையில வேணும்" என்றாள்.

கண்காட்சியில் மற்றச் சுவர்களைப் பார்த்து "அழகா இருக்கு" என்று நகர்ந்தவர்கள் இந்தச் சுவருக்கு வந்ததும் காப்பியைக் கீழே வைத்துவிட்டு நின்று பார்த்தார்கள். தெருச்சனம் பஸ் பிடித்து வந்திறங்கியது. "எங்கப்பா! அந்தா, ஏணியில!" என்று ஒருத்தி கத்தினாள். செம்பூரிலிருந்து வந்த ஒருவர் குழாயைத் தொட்டுப் பார்க்கிறவர்போல் கண்ணாடிமேல் விரலை வைத்தார். மீனாட்சியம்மாள் படத்தின் அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். "பம்பாயில செத்தா நாலு பேரு தூக்க வருவானான்னு ஊர்ல கேப்பாவ. எண்ணிப் பாக்கச் சொல்லுங்க."

பட்டுச்சேலை கட்டிய ஒரு அம்மாள் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "எல்லாரும் கலங்கி நிக்கறா. இந்தக் குழந்தை மட்டும் ஏன் சிரிக்கறது?"

பானுமதி தலையை நிமிர்த்திக்கொண்டாள். "அது நான்தாங்க. இந்தத் தெருவ விட்டுப் போகமாட்டேன்னு சிரிக்குதேன்."

அப்போதுதான் கோலை ஊன்றிக்கொண்டு அல்தாப் பாய் வந்தார். படத்துக்கு நேரெதிரே, கேமரா இருந்திருக்கக்கூடிய தூரத்தில் நின்றார். சிறுமி இன்னமும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மெல்ல இரண்டு காதையும் பிடித்தார். குதிக்க முடியவில்லை, முழங்காலை மட்டும் லேசாக மடக்கினார்.

பானுமதி வாய்விட்டுச் சிரித்தாள். ஓடிப்போய் அவரைக் கைப்பிடித்து இழுத்துவந்து அப்பாவின் பக்கத்தில் நிறுத்தினாள்.

"எடுல ஹரி, சுவரு பூராவும் தெரியணும்!"

அந்தப் படத்தில் அல்தாப் பாயும் இருந்தார்.