குறைவாக ஓடிய ஊதா வண்டி

மனைவியின் இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன, மாற்றியே ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்ன மறுநாள், டிராக்டர்காரர் தன் ஊதா வண்டியை விற்கத் துணிந்தார். ஊதா கம்பெனி டிராக்டர் என்றாலே சீக்கிரம் படுத்துவிடும் என்று ஊர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். ஆனால் இவருடையது எப்படியோ தப்பிப் பிறந்த பிள்ளை. ஒன்பதாயிரம் மணி நேரம் முக்கல் முனகல் இல்லாமல் உழுதிருந்தது. அதற்கு மீட்டரே சாட்சி.

சாட்சியைக் கலைத்தவன் மெக்கானிக் மச்சினன். "ஒன்பதாயிரம்னு பாத்தா எவன் மாமா கிட்ட வருவான்? கிழவிக்கு வரன் பாக்குற கதை ஆயிடும்" என்று மீட்டரைத் தொள்ளாயிரத்துக்கு இறக்கினான். பெயின்ட் அடித்துப் படம் பிடித்து, பழைய வண்டி விற்கும் தளத்தில் போட்டான்: 'குறைவாக ஓடியது. குடும்பக் காரணத்தால் விற்பனை.'

ஒரே ஒருவர் வந்தார். வண்டியைப் பார்க்கவில்லை, செல்போனை நீட்டினார்.

"காளை மார்க் வண்டி விலைக்கு வந்ததே நாலுதாண்ணே. எல்லாம் பத்தாயிரம் மணி ஓடினது, விலை இறங்கவே மாட்டேங்குது. வாங்கினவன் விட்டாத்தானே? உங்க ஊதா பாருங்க, தள்ளத் தள்ள வருது. அத்தனையும் ஆயிரத்துக்குள்ள. அத்தனை பேருக்கும் குடும்பக் காரணம். இந்த வண்டி வாங்கினாலே குடும்பம் ஆட்டம் கண்டுடுமோ?"

"என்னுது அப்படி இல்லீங்க."

"தொள்ளாயிரத்துலயே தள்ளி விடுறீங்களே! ஒரு ஊதா ஒன்பதாயிரம் ஓடியிருந்தா, கேட்ட விலை குடுத்துக் கண்ணை மூடிட்டு எடுப்பேன்."

மச்சினனுக்குத் திடீரென்று டயரில் காற்று பார்க்கும் வேலை வந்துவிட்டது.

"ஒன்பதாயிரம் ஓடினதுதாங்க" என்றார் டிராக்டர்காரர். "மீட்டரை நாங்கதான் குறைச்சோம்."

வந்தவர் அவரை அனுதாபத்தோடு பார்த்தார். "என்ன கஷ்டமோ, பாவம். அதுக்காக இப்படியெல்லாமா கதை கட்டுறது? காயலான் கடை விலைன்னா எடுத்துக்கிறேன்."

வேறு யாரும் வரவில்லை, வரப்போவதும் இல்லை. டிராக்டர்காரர் சாவியைக் கொடுத்தார். வண்டி முதல் திருகலிலேயே கிளம்பிப் போனது.

உள்ளே கட்டிலில் இருந்து மனைவி கேட்டாள்: "பணம் போதுமாங்க?"

"ஒரு முட்டிக்குப் போதும்."

"எந்த முட்டிக்கு?" என்றாள்.