பொன்னுதாஸ் கையெழுத்திட்ட அட்டைகள்

சவப்பெட்டிக்குள் கிடந்த அண்ணன் ஜெயதாஸின் கழுத்தில் டை கட்டிக்கொண்டிருந்தார் பொன்னுதாஸ். அண்ணன் மகள் ஷீனா அலமாரியிலிருந்து வெள்ளிக் கோப்பையை எடுத்துவந்து தலைமாட்டில் வைத்தாள்.

"இது இருக்கட்டும் சித்தப்பா. அப்பாக்க உயிராக்கும்."

திருவனந்தபுரத்தில் ஒரு கோல்ஃப் கிளப்; அண்ணனும் தம்பியும் அங்கே பை சுமந்தவர்கள். அங்கே உறுப்பினர்களின் பை சுமப்பவர்களுக்கென்று வருடம் ஒரு போட்டி உண்டு; குறைந்த அடிகளில் முடிக்கிறவனுக்குக் கோப்பை. சுமாராக ஆடுகிறவனுக்கு ஹாண்டிகேப் என்று சில அடிகளைக் கழித்துக் கொடுப்பார்கள். எத்தனை என்பதை வருடம் முழுக்க அவன் அடிகளை எழுதிவைத்த அட்டைகள் சொல்லும். ஜெயதாஸின் அட்டைகளில், கூடவே நடந்து அடிகளை எண்ணிக் கையெழுத்துப் போட்டதெல்லாம் தம்பிதான்.

எட்டு வருடம் முன்பு ஒரே அடி வித்தியாசத்தில் கோப்பையை இழந்த, கூடப் பை சுமந்த வேலாயுதன், "வேணும்னே மோசமா ஆடித்தான் சலுகை வாங்கினான்" என்று கமிட்டியில் முறையிட்டான். பொன்னுதாஸ் எழுந்து நின்றார்.

"எண்ணினது நானாக்கும். எங்க அண்ணன் கள்ளம் காட்டமாட்டான்."

அதோடு தீர்ந்தது. பொய்யன் என்ற பேர் வேலாயுதனுக்கு வந்தது. பாறசாலையிலிருந்து மூவரும் ஒன்றாய்ப் போன ரயிலில் அவன் வேறு பெட்டியில் ஏறத் தொடங்கினான்.

கோப்பையைத் துடைத்த ஷீனாவுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது.

"ரப்பர் தோட்டத்துல அப்பா தேங்காச் சிரட்டைய குழிச்சு வச்சு பந்து உருட்டும். ஒண்ணு தப்பாது. 'கிளப்புல மட்டும் எதுக்குப்பா தப்புது?'ன்னு கேப்பேன். 'அங்க தப்பினாத்தான் மக்கா கப்பு கிட்டும். அட்டையில ஒப்பு போட உனக்க சித்தப்பன் உண்டு, எவன் சந்தேகப்படுவான்?'ன்னு சொல்லிச் சிரிக்கும்."

பொன்னுதாஸின் விரல்கள் டை முடிச்சில் நின்றன. அவிழ்த்தார். மறுபடியும் கட்டினார்.

பெட்டியை முற்றத்துப் பந்தலில் கொண்டுவந்து வைத்ததும் போதகர் ஜெபித்து முடித்து, ஜீவிய சரித்திரம் வாசிக்கச் சொன்னார். காலையில் பொன்னுதாஸே எழுதிய தாள். பிறந்தது ஆரியங்கோடு, ஞானஸ்நானம், கல்யாணம் என்று குரல் தடங்கலில்லாமல் போனது. பந்தலுக்கு வெளியே மரச்சீனிக் கிழங்கு விளையின் ஓரத்தில், மழையில் குடை பிடித்து நின்றிருந்த வேலாயுதனை அப்போதுதான் கண்டார். அடுத்த வரி: 'நேர்மையாக ஆடி வெள்ளிக் கோப்பை வென்றார்.'

வாசிப்பு நின்றது.

"கூடப்பிறந்தவனில்லா, நெஞ்சு அடைக்குது," என்றாள் ஒருத்தி. "எலே, கொஞ்சம் வெள்ளம் கொண்டு வா!"

டம்ளர் முழுவதையும் நிதானமாகக் குடித்தார். கட்டைவிரலால் அந்த வரியை மறைத்துக்கொண்டு அதற்கடுத்ததை வாசித்தார்.

"அன்னாருக்கு ஒரு மகள்."

ஷீனா நிமிர்ந்து பார்த்தாள். கோப்பை தலைமாட்டில் பளபளத்தது. மழை விட்டிருக்கவில்லை. வேலாயுதன் குடையை மடக்கிக்கொண்டு பந்தலுக்குள் வந்தான்.