அணி இல்லாத ஒரு வரி

1

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்கிறேன். (இடது கையால் எழுதுகிறேன்.) கதை கிடைத்தது காந்திபுரம் டவுன் பஸ்ஸில். பக்கத்து சீட்டில் அப்துல் குத்தூஸ் ஒரு வாட்ஸ்அப் செய்தியை எழுதுவதும் அழிப்பதுமாக உக்கடம் வரை வந்தார். எட்டிப் பார்த்தேன். பிறகு தினமும் அதே பஸ்தான்.

குத்தூஸ் ஜவுளிக்கடைகளுக்கு நோட்டீஸ் எழுதுகிறவர். 'கோவை குலுங்கும் ஆடித் தள்ளுபடி' அவருடையது. (அந்த வாரம் எங்கள் தெருவில் இரண்டு சுவர் விரிசல் விட்டது.) அவர் மனைவி ரம்லா, மகள் ஹுமேராவின் பிரசவத்துக்கு இரண்டு மாதம் என்று ஷார்ஜா போனவர். பதினான்கு மாதம் ஆகிறது. பேத்தி நடக்கிறாள்.

2

திரும்பி வரச் சொல்லிக் குத்தூஸ் எழுதியவை:

'நீ இல்லாத வீடு, கூட்டமில்லாத ஆடி மாதக் கடை போல...' உவமை. பதில் இல்லை.

'என் தனிமை ஒரு பாலைவனம்.' உருவகம். பாலைவனம் இங்கே ஜன்னலிலேயே தெரிகிறது என்று பதில் வந்தது.

'உன் பிரிவில் மேற்கு மலை இரண்டடி உட்கார்ந்துவிட்டது.' உயர்வு நவிற்சி. இதற்கு ரம்லா போனிலேயே கூப்பிட்டார்.

"ஏனுங்க, நாப்பது வருசமா எனக்கும் நோட்டீஸேதானுங்களா? உங்க மனசு என்னைத் தேடுதுன்னா, அதை நம்புற மாதிரி ஒரே வரி எழுதிப்போடுங்க. வாரேன். இல்லீனா இங்கயே இருந்துக்கறேன்."

(குத்தூஸ் அழுததாக எழுதி அடித்துவிட்டேன். இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தவறவிட்டார், அவ்வளவுதான்.)

3

நிலவு கூட ரம்லாவைத் தேடி—

வேண்டாம். நிலவு தன் பாட்டுக்கு வருகிறது. தேடுவதாக நாம் ஏற்றிச் சொன்னால் அது தற்குறிப்பேற்றம்.

ஒன்பது நாள் குத்தூஸ் நோட்டீஸ் கூட எழுதவில்லை. பத்தாம் நாள் அனுப்பினார்:

"குழாயில சிறுவாணித் தண்ணி வந்துச்சு. உன்ற குடத்தையும் கழுவிப் புடிச்சு வெச்சேன். யாரும் குடிக்கல. அடுத்த தண்ணி வந்ததும் அதைக் கொட்டிப்போட்டு மறுக்காப் புடிச்சேன்."

இதில் அணி எதுவும் இல்லை. மூன்று முறை தேடிவிட்டேன்.

ரம்லா அன்றே பதில் போட்டார்: "பித்தளைக் குடமுங்க. புளி போட்டுத் தேய்க்கோணும். உங்களுக்கு வராது."

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

4

விமான நிலையத்தில் ரம்லா பெட்டியைத் தள்ளிக்கொண்டு வருவதாக ஒரு முடிவு எழுதினேன். பாதியில் நிற்கிறது. ஷார்ஜாவிலேயே பேத்தியோடு தங்கிவிடுவதாக எழுதியதைக் கிழித்துவிட்டேன். எது என்று நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். முடிக்குமுன் ஒரு தகவல்: குத்தூஸும் ரம்லாவும் நாற்பது வருடம் சேர்ந்து குடியிருந்த அந்த வீட்டில் போர்வெல் தண்ணீர்தான், சிறுவாணிக் குழாய் ஒருநாளும் இருந்ததில்லை.